பழைய தேவாலயமும் ஒளி அறிவியலும் சேர்ந்தால் எப்படி அருவ ஓவியம், அதாவது பொருள் எதையும் காட்டாமல் நிறமும் வடிவமும் மட்டுமே கொண்ட ஓவியம், பிறக்கும்?

ராபர் தெலோனே என்ற பிரெஞ்சு ஓவியரைப் பார்த்தால் போதும். 1909-10இல் அவர் பாரிஸின் சேன் செவரான் என்ற, இடைக்கால கோதிக் பாணியில் கட்டிய தேவாலயத்தின் உட்புறத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தப் படங்களில் கல் தூண்கள் வளைகின்றன, தரை அலையடிக்கிறது. வண்ணக் கண்ணாடி வழியே வரும் ஒளிதான் கல்லை இளக்குகிறது என்று தோன்றும். எனக்கு அவர் வரைந்ததில் இவைதான் பிடித்தவை.

அப்புறம் ஷெவ்ரலின் நிற ஆய்வு. இவர் வேதியியலாளர், சித்திரத் திரைச்சீலைகள் நெய்யும் கோப்லான் நெசவாலையின் சாயப் பிரிவுத் தலைவர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறதென்று புகார் வந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில் என்று கண்டுபிடித்தார்; 1839இல் நூலாகவும் வெளியிட்டார். நீலத்தை ஒட்டி ஆரஞ்சு வைத்தால் இரண்டுமே தூக்கலாகத் தெரியும். கறாராகச் சொன்னால் இது சாயத்தின் வேலை இல்லை, நம் கண்ணும் மூளையும் செய்யும் வேலை.

தெலோனே இதைப் பிடித்துக்கொண்டார். 1912இன் ‘ஜன்னல்கள்’ வரிசையில் ஈஃபில் கோபுரம் வெறும் பச்சை நிழலாகச் சுருங்குகிறது. சுற்றிலும் நிறக் கட்டங்கள். அடுத்த ஆண்டு வட்டங்களுக்கு வந்துவிட்டார். அவற்றில் கட்டடமே இல்லை, நிறம் நிறத்தோடு மோதுவது மட்டும்தான்.