சங்கிலிக் குண்டு எறிதலில் அந்தக் காலத்து ஒலிம்பிக் தங்கமெல்லாம் ஏன் அயர்லாந்து கிராமத்து ஆட்களிடமே போனது?

1900 முதல் 1932 வரை எட்டு ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் அயர்லாந்தில் பிறந்தவர்களுக்குத்தான். 1924 மட்டும் தவறியது. ஜான் ஃப்ளானகன் (மூன்று முறை), மாட் மெக்ராத், பேடி ரயன் மூவரும் லிமெரிக், டிப்பரரி பக்கத்து ஆட்கள். பிழைக்க அமெரிக்கா போனதால் பதக்கம் அந்நாட்டுக் கணக்கில் ஏறியது.

காரணம் உடல்வாகு மட்டுமல்ல. ஊர் விளையாட்டு விழாக்களில் 56 பவுண்டு எடைக்குண்டை வீசுவதெல்லாம் அங்கே வழக்கமான பந்தயம். சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகிய வித்தை அது.

எனக்குப் பிடித்தவர் கார்க் மாவட்டத்து டாக்டர் பாட் ஓ'கலகன். 1928இல் சுதந்திர அயர்லாந்தின் முதல் தங்கம் அவருடையது. 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனால், எறியும் வட்டம் கல்லுப் போல இறுகிக் கிடக்கிறது. மண் தரைக்கென்று போட்ட நீள ஆணிகள் இருந்த ஷூ சுழலவே விடவில்லை. எறிதலுக்கு எறிதல் நடுவே உட்கார்ந்து அரத்தால் ஆணிகளை ராவினார். கூட உதவியவர் பாப் டிஸ்டால். அவரும் அன்றே 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர்! பிறகு ஒரு வீச்சு: 53.92 மீட்டர். இரண்டாவது இடத்திலிருந்து முதலிடம்.