விசாரிக்க வருகிறவர் வீட்டில் எதைப் பார்ப்பார்?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர் மீன்பிடிக்கப் போய் இலங்கைச் சிறையில் இருக்கிறார், 13 வயது மகன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுத்தவர் விசைப்படகில் ஏறுகிறான். பள்ளியிலிருந்து தகவல் போய், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வீட்டுக்கு வரப்போகிறார்களாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களா, வீட்டில் எதைச் சரிசெய்து வைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

வருகிறவர் பிள்ளையைக் கூட்டிப்போக வரவில்லை. அவர் விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை எழுதுவார், உத்தரவு போடுவது குழந்தைகள் நலக் குழு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழிதான். அதனால் கூரை ஓடு மாற்றுவது, கடன் வாங்கி மெத்தை வாங்குவது எதுவும் வேண்டாம்.

அவர் பார்ப்பது வேறு. பையனுக்குச் சோறு போடுவது யார், காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவது யார், யார் சொன்னால் கேட்பான், படகுக்கு அவனாகப் போகிறானா அல்லது கடனுக்காக அனுப்புகிறீர்களா? பள்ளி வருகைப் பதிவைப் பார்ப்பார், பக்கத்து வீட்டில் விசாரிப்பார், பையனிடம் தனியாகவும் பேசுவார். அதற்காக அவனுக்குச் சொல்லிக்கொடுத்து வைக்காதீர்கள், ஒப்பித்த பேச்சு உடனே தெரிந்துவிடும், அப்புறம் நீங்கள் சொன்ன உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

நீங்கள் கடல்பாசி எடுக்கப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். கடல் வற்றும் நேரம் பார்த்துக் கிளம்பிவிடுவீர்கள், பத்து மணிக்கு வருகிறவர் பூட்டைப் பார்த்துவிட்டு ‘தாய் வீட்டில் இல்லை’ என்று எழுதினால், கரையோரம் தெரியாத ஒருவர் அதைக் கவனிப்பாரில்லாத வீடு என்றே வாசிப்பார். ஒரே தடவை வந்து எழுதும் அறிக்கைகளில் எனக்குப் பெரிய குறையே இதுதான். எந்த நாள் கடலுக்குப் போவீர்கள், அந்த நேரம் ஆச்சியோ சித்தியோ யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை நீங்களே சொல்லி, எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் அவர்களையும் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

படகு விஷயத்தை மட்டும் மறைக்காதீர்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம். அடுத்தவர் படகில் கூலிக்குப் போவது அதில் சேராது. இப்போதே நிறுத்திவிட்டுத் தலைமையாசிரியரைப் பாருங்கள்.

வருகிறவரிடம் மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் கிடைக்கும் நிதி ஆதரவு பற்றியும் கேளுங்கள், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், கணவர் கைதானதற்கான காகிதம் இருந்தால் நகலெடுத்துத் தயாராக வையுங்கள்.