ஆடி மழையில அந்தமான், கையில எட்டு மாசக் குழந்தை

கேள்வி: அக்கா, நாங்க பாலக்கோடு பக்கம். பையனுக்கு 8 மாசம். டிக்கெட் கம்மியா வருதுன்னு வீட்டுக்காரர் ஜூலை கடைசில அந்தமானுக்கு அஞ்சு நாள் போட்டுட்டாரு, ஹேவ்லாக், நீல், பாராட்டாங் தீவுன்னு எல்லாம் பிளான்ல இருக்கு. எங்க அத்தை "கைக்குழந்தைய தூக்கிக்கிட்டு மழைல கப்பல் ஏறணுமா, போறதுன்னா அதுக்குப் பாதி அவோமின் வாந்தி மாத்திரையாச்சும் குடுத்துடு"ங்கறாங்க. போலாமா, கேன்சல் பண்ணிடவா?

பதில்: கேன்சல் எல்லாம் வேண்டாம்மா, போயிட்டு வாங்க. ஆனா உங்க வீட்டுக்காரர் போட்ட பிளான்ல பாதிய கிழிச்சுப் போட்டுட்டுப் போங்க.

மழை கண்டிப்பா வரும், அதுல சந்தேகமே வேணாம். கேரளாவுக்கு வர்றதுக்கு முன்னாடியே மே மூணாவது வாரத்துல பருவமழை அங்க எறங்கிடும், வருஷத்துக்கு சுமாரா 3000 மில்லிமீட்டர், நம்ம பக்கம் அதுல மூணுல ஒரு பங்கு கூட பெய்யறதில்ல. ஆனா நாள் பூரா விடாம ஊத்தும்னு நெனைக்காதீங்க, அடிச்சுப் பெய்யும், கொஞ்ச நேரத்துல விட்டுடும், திரும்ப வரும். ரூம்ல உக்காந்து வேடிக்கை பாத்தா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. படுத்தறது கடல்தான். ஒகேனக்கல்ல தண்ணி ஜாஸ்தி வந்தா பரிசல நிறுத்திடறாங்கல்ல, அதே மாதிரி காத்து ஜாஸ்தியானா தீவுக்குத் தீவு போற ஃபெர்ரிய நிறுத்திடுவாங்க.

நாங்க எங்க பொண்ணு 10 மாசமா இருக்கும்போது போனோம், கடைசி நாள் காலைல ஹேவ்லாக்ல ஃபெர்ரி ஏறி மத்தியானம் ஃப்ளைட் பிடிச்சிடலாம்னு ரொம்ப புத்திசாலித்தனமா போட்டிருந்தோம், ஜெட்டிக்கு வந்தா அன்னிக்கு ஃபெர்ரி இல்லைன்னுட்டாங்க, ஃப்ளைட் போச்சு, டயப்பர் தீந்துபோச்சு, புது டிக்கெட்டுக்குக் குடுத்த காசுக்கு பொண்ணுக்கு ஒரு கம்மல் எடுத்திருக்கலாம்னு எங்க அம்மா இன்னிக்கும் சொல்லிக்காட்றாங்க. அதனால முதல் ராத்திரி போர்ட் பிளேர் (ஃப்ளைட் எறங்கற ஊர், இப்போ ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க), அடுத்த ரெண்டு ராத்திரி ஹேவ்லாக், கடைசி ராத்திரி திரும்ப போர்ட் பிளேர். அவ்ளோதான். நீல் தீவு வேணாம். பாராட்டாங் வேணவே வேணாம், விடியக்காலை 4 மணிக்கெல்லாம் கெளம்பணும், ஜாரவா பழங்குடி மக்களோட காப்புக்காடு வழியா வண்டிங்கள வரிசையா காவலோட விடுவாங்க, நடுவுல எங்கயும் நிறுத்த முடியாது, அந்த நேரம் பாத்து பையன் கத்துனா என்ன பண்ணுவீங்க?

அவோமின் விஷயம். அத்தை பாசத்துல சொல்றாங்க, ஆனா அந்த மருந்து ரெண்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்குக் குடுக்கவே கூடாது, பாதியும் கூடாது கால்வாசியும் கூடாது, மூச்சு விடறதே பாதிக்கலாம். இவ்ளோ சின்னக் குழந்தைங்களுக்கு பொதுவா படகு ஆட்டத்துல வாந்தி வர்றதும் ரொம்பக் கம்மி. வாந்தி வரப்போறது உங்களுக்கு! ஹேவ்லாக் போக ரெண்டு மணி நேரம் கிட்ட ஆகும், அந்த நேரத்துல குழந்தைய வாங்கிக்க ஒரு ஆள் வேணும், அதனால வீட்டுக்காரர் கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. ஃபெர்ரில நடுவுல, கீழ்த்தட்டுல சீட் கேளுங்க, ஆட்டம் கம்மியா தெரியும். பால் குடுக்கறீங்கன்னா நீங்க மாத்திரை போடறதுக்கும் டாக்டர கேட்டுட்டுப் போடுங்க.

யாரும் சொல்லித்தராத ஒண்ணு சொல்றேன். உங்க பையன் வீட்ல தூளில தூங்கறவனா? அங்க லாட்ஜ்ல சேலை கட்ட கொக்கியும் இருக்காது உத்தரமும் இருக்காது, எங்க பொண்ணு முதல் ராத்திரி பூரா தூங்கல, பக்கத்து ரூம்காரங்களும் தூங்கல. கெளம்பறதுக்குப் பத்து நாள் முன்னாடில இருந்தே பாய்ல போட்டுப் பழக்குங்க. கொசுவலை கட்டாயம் எடுத்துக்கோங்க, பீச்ல மணல் ஈ கடிக்கும், சாயங்காலம் பையனுக்கு முழுக்கை, முழுக்கால் மூடற மாதிரி டிரஸ் போட்டுடுங்க.

அப்புறம் துணி. ஒண்ணும் காயாது, நம்மூர்ல ஒரு மணி நேரத்துல காயற துண்டு அங்க ரெண்டு நாள் ஆனாலும் ஈரமாவே இருக்கும். துணி நாப்பி நம்பிப் போகாதீங்க, கணக்குப் போட்ட டயப்பர விட ரெண்டு நாளைக்கு ஜாஸ்தியா வச்சுக்கோங்க, நடுநடுவுல டயப்பர் இல்லாம கொஞ்ச நேரம் காத்தாட விடுங்க, இல்லன்னா தொடை இடுக்கு செவந்துடும். முளைகட்டுன ராகி மாவ இறுக்கமா மூடற டப்பால கொண்டு போங்க, சுடுதண்ணில கலக்குனா மட்டும் பத்தாது, அடுப்புல நல்லா வேக வச்சுக் கூழ் காச்சிக் குடுங்க. போர்ட் பிளேர்ல தமிழ் ஆளுங்க நிறைய, இட்லியெல்லாம் கெடைக்கும், பயப்படாதீங்க. பெரிய ஆஸ்பத்திரின்னா அங்க ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிதான், ஹேவ்லாக்ல சின்னதுதான் இருக்கு, அதனால ஹேவ்லாக் கெளம்பறப்போ பையனுக்கு சளி காய்ச்சல்னு ஏதாச்சும் இருந்தா அங்க போகாம போர்ட் பிளேர்லயே இருந்துடுங்க.

அங்க காலைல 5 மணிக்கே விடிஞ்சிடும், 6 மணிக்குள்ள இருட்டிடும். உங்க பையன் எப்படியும் விடியக்காலைல எழுப்பிவிடுவான், அப்போ மழை இல்லன்னா ராதாநகர் பீச்சுக்குத் தூக்கிட்டுப் போங்க, மணல்ல விளையாட விடுங்க, தண்ணில மட்டும் எறக்காதீங்க, இந்த சீசன்ல அலை ஆள இழுத்துடும்.

அத்தைக்கும் ஒரு டிக்கெட் போட முடியுமான்னு பாருங்களேன். "கப்பல் ஏறணுமா"ன்னு கேட்டாங்கல்ல, எனக்கென்னமோ அவங்களுக்கும் ஆசை இருக்குன்னுதான் தோணுது. பையனோட பிறந்த சர்டிபிகேட்டும் தடுப்பூசி அட்டையும் கைப்பையிலயே வைங்க, ஏர்போர்ட்ல வயசு பாக்கக் கேப்பாங்க. பெங்களூர்ல ஏறறதா இருந்தா ஏர்போர்ட் ஊருக்கு அந்தப் பக்கம், சில்க் போர்டு டிராஃபிக்க மனசுல வச்சு நடுராத்திரியே கெளம்பிடுங்க.