வின்னிபெக் குளிருக்கு ஆம்பூர் பூட்ஸ் தாங்குமா?

கேள்வி: என் மகன் ஜனவரி முதல் வாரம் கனடாவில் உள்ள வின்னிபெக் நகரத்துக்குப் படிக்கப் போகிறான். விசா வேலை பார்த்துத் தந்த கன்சல்டன்சியிலேயே தோல் ஜாக்கெட், பூட்ஸ், கையுறை, தெர்மல் எல்லாம் சேர்த்து ‘மைனஸ் 40 கிட்’ என்று 38,000 ரூபாய் சொல்கிறார்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருக்கும் என் மைத்துனர், எக்ஸ்போர்ட் பூட்ஸும் தோல் ஜாக்கெட்டும் பாதி விலைக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். யாரிடம் வாங்குவது? – குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை

பதில்: கிட் வேண்டவே வேண்டாம். மைத்துனரிடம் பூட்ஸ் மட்டும் கேளுங்கள், அதுவும் கீழே சொல்லும் சோதனையில் தேறினால்தான். தோல் ஜாக்கெட் இரண்டு பேரிடமும் வாங்காதீர்கள்.

வின்னிபெக்கில் ஜனவரி இரவுகள் மைனஸ் 20-ஐ ஒட்டி இருப்பது சாதாரணம். சில நாட்களில் மைனஸ் 30-க்கும் கீழே இறங்கும். அதோடு காற்று. மைனஸ் 20-ல் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 33 மாதிரி. அந்த நிலையில் மூடாமல் விட்ட கன்னமும் காதும் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துவிடக்கூடும். பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரம்தான் அது.

இங்கே தைக்கிற ஜாக்கெட்டில் போடும் நாப்பா என்ற மிருதுவான தோல் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். குளிரைத் தடுப்பது தோல் அல்ல, துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. அந்த ஜாக்கெட்டில் தோலுக்கு உள்ளே வழவழப்பான லைனிங்கும், பேருக்கு ஒரு மெல்லிய பஞ்சும்தான் இருக்கும். இடுப்போடு முடிந்துவிடுவதால் கீழிருந்து காற்று ஏறும், ஜிப் வழியாகவும் ஏறும். பனியில் நனைந்து உறைந்தால் அட்டை மாதிரி விறைக்கும். அக்டோபர் மாதத்துக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

தோலில் ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லித்தான் ஏமாற்றுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கம்பளி மயிரை நீக்காமல் பதனிட்ட செம்மறித் தோலை ‘டபுள் ஃபேஸ்’ என்பார்கள். வெளிப்பக்கம் தோல், உள்பக்கம் அடர்ந்த கம்பளி. இது உண்மையிலேயே கடுங்குளிர் தாங்கும். ஆனால் அதற்கு மெரினோ போன்ற கம்பளி ஆட்டின் தோல் வேண்டும். நம் பக்கத்துச் செம்மறிகள், மேச்சேரி ஆடு உட்பட, முடி ஆடுகள். தோல் அருமையானது, கம்பளி கிடையாது. ஆகவே ‘நம்ம ஊர் ஆட்டுத்தோல், உள்ளே ஒரிஜினல் கம்பளி’ என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் உள்மயிரை விரலால் வகிடு எடுத்துப் பாருங்கள். மயிர் தோலிலிருந்தே முளைத்திருந்தால் அசல். அடியில் பின்னல் துணி தெரிந்தால் அது அக்ரிலிக் போன்ற செயற்கை இழை, லைனிங்காகத் தைத்திருக்கிறார்கள். அசலாகவே இருந்தாலும் கனம் அதிகம், விலை அதிகம், நனைந்தால் காய நாளாகும். படிக்கப் போகிற பையனுக்கு அது எதற்கு?

இனி பூட்ஸ். குளிரில் முதலில் மரத்துப் போவது கால் விரல்தான், அதனால் காசு செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான். ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று கடைக்கு வருவதில் பல ரகம் கலந்திருக்கும்: ஆர்டர் ரத்தானது, செகண்ட்ஸ், ரிஜெக்ட், வெறும் லேபிள் மட்டும் எக்ஸ்போர்ட்டாக இருப்பது. சோல் எந்தப் பொருள் என்று முதலில் கேளுங்கள். பிவிசி என்றால் வேண்டாம். குளிரில் அது கல்லாக இறுகி, ஐஸில் பிடிப்பே இல்லாமல் வழுக்கும், வளைகிற இடத்தில் வெடிக்கும். ரப்பர் நல்லது, டிபிஆர் (ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக்) பரவாயில்லை. பியூ (பாலியூரித்தேன்) என்றால் தயாரித்த தேதியைப் பாருங்கள். நாக்கின் உள்பக்க லேபிளிலோ சோலின் அடியில் வட்ட முத்திரையிலோ மாதமும் ஆண்டும் இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் குடோனில் சில வருடம் கிடந்த பியூ சோல் பார்க்கப் புதிதாக இருக்கும், போட்ட சில வாரத்தில் பொடிப்பொடியாக உதிரும். தேதியே இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது. பூட்ஸை பாலிதீன் பையில் கட்டி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். அங்கே சுமார் மைனஸ் 18 இருக்கும். காலையில் எடுத்த உடனே முன்பாதத்தில் வளைத்துப் பாருங்கள். நல்ல சோல் கொஞ்சம் இறுகினாலும் வளையும். பலகை மாதிரி நின்றாலோ கோடு விழுந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சோல் தேறுமா என்பதற்குத்தான் இந்தச் சோதனை, கதகதப்புக்கு அல்ல.

கதகதப்புக்கு, உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய கம்பளி ஃபெல்ட் லைனர், கணுக்காலுக்கு மேல் உயரம், தடித்த இன்சோல் மூன்றும் வேண்டும். முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்த சேஃப்டி ஷூவை ‘ஹெவி டியூட்டி’ என்று தள்ளிவிடுவார்கள், வாங்காதீர்கள். இரும்பு, விரலின் சூட்டை இழுத்துவிடும். அளவு எப்போதும் போடுவதைவிட அரை அல்லது ஒரு நம்பர் கூட இருக்கட்டும். தடித்த கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு, சாயங்காலத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்தம் ஓடாது, குளிர் இன்னும் கூடும்.

ஸ்டிக்கரில் உள்ள ‘மைனஸ் 40’ஐ மறந்துவிடுங்கள். எந்தச் சோதனை, எந்த ஆய்வகம் என்று கேட்டால் கன்சல்டன்சியில் பதில் வராது. ஐரோப்பியப் பாதுகாப்புக் காலணி விதியில் ‘சிஐ’ என்று ஒரு குறி உண்டு. மைனஸ் 17-ல் 30 நிமிடம் வைத்து, உள்ளே வெப்பம் 10 டிகிரிக்கு மேல் இறங்கவில்லை என்றால்தான் அதைக் கொடுப்பார்கள். அதற்கே அவ்வளவுதான் பொருள். ஐஎஸ்ஐ முத்திரை இருப்பது மட்டுமே குளிருக்குச் சான்று ஆகாது. ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை உள்ள ஷூ கம்பெனிகளில், வெளிநாட்டுக்காரர் கேட்கிற சோதனையெல்லாம் செய்து, அறிக்கையை இணைத்துத்தான் லாட் அனுப்புகிறார்கள். அதே பூட்ஸ் பக்கத்துத் தெருக் கடைக்கு வரும்போது ஒரு துண்டுக் காகிதம்கூட கூட வருவதில்லை. கேட்டால் முறைப்பார்கள். ஒரே ஒரு ஜோடியைச் சோதிக்க உள்ளூர்க்காரர் எங்கே போவது என்று எந்த அதிகாரியும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மற்றவை சுருக்கமாக: பாலியஸ்டர் அல்லது மெரினோ தெர்மல் இரண்டு செட், ஒரு ஃப்ளீஸ், காதை மூடும் கம்பளித் தொப்பி, விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன், இவற்றை இங்கேயே வாங்கலாம். பருத்தி பனியன், ஜீன்ஸ், பருத்தி சாக்ஸ் வெளியே போக உதவாது. வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். தொடை வரை வரும், தொப்பி வைத்த பார்கா மட்டும் அங்கே வாங்கட்டும். கிட்டில் மிச்சமாகும் பணத்தை அதற்குக் கொடுத்தனுப்புங்கள். இறங்குகிற அன்று, தெரிந்த சீனியர் மாணவர் ஒருவரை ஒரு பார்காவோடு ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்வது நல்லது.

பூட்ஸ் கனம் என்பதால் சென்னையிலேயே காலில் மாட்டி அனுப்புவார்கள். மீனம்பாக்கத்தில் வியர்த்த சாக்ஸோடு வின்னிபெக்கில் வெளியே வந்தால் எந்த பூட்ஸும் காப்பாற்றாது. கைப்பையில் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் வைத்து, கடைசி விமானம் மாறும் ஊரில் மாற்றச் சொல்லுங்கள். அங்கே போனதும் தினமும் ராத்திரி லைனரை வெளியே எடுத்து உலர்த்த வேண்டும். ஹீட்டர்மேல் வைத்தால் பூட்ஸின் ஒட்டு விட்டுவிடும், தள்ளி வைக்கட்டும். சாலையில் தூவும் உப்பு தோலில் வெள்ளைக் கோடாகப் படியும். தண்ணீரும் வினிகரும் சமமாகக் கலந்து, துணியால் அன்றன்றே துடைக்க வேண்டும்.

விரல் வெளுத்து, மெழுகு மாதிரி ஆகி, உணர்ச்சி போனால் தேய்க்கக் கூடாது, ஹீட்டரில் காட்டவும் கூடாது. உள்ளே போய் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். தண்ணீரின் சூட்டை மரத்த விரலால் பார்க்காமல், வேறு ஒருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும்.