வெளிநாட்டு நாவலைப் படமாக்க ஏஜென்டுக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: ஈவ்லின் வா எழுதிய 'வைல் பாடீஸ்' நாவலை நம்மூர்க் கதையாக மாற்றி யூடியூபில் படமாக வெளியிட ஆசை. லண்டன் பார்ட்டிகளுக்குப் பதிலாகக் குலசேகரத்து ரப்பர் எஸ்டேட் வீட்டுப் பிள்ளைகள், முட்டம் கடற்கரையில் கூத்து என்று யோசித்திருக்கிறோம். தமிழ் உரிமை தன்னிடம் இருப்பதாகச் சென்னை ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். மூன்று லட்சம் கேட்கிறார். இருபதாயிரம் ஜிபேயில் அட்வான்ஸ் அனுப்பிவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலைப் பார்த்தேன். நூறு ரூபாய் முத்திரைத்தாள், நோட்டரி சீல், தடித்த எழுத்தில் 'உலகளாவிய ஏகபோகத் தமிழ் உரிமை'. கீழே ஏஜென்டின் கையெழுத்து மட்டும் இருக்கிறது. எழுத்தாளரின் வாரிசுகளோ அவர்கள் சார்பில் உரிமையைக் கையாளும் நிறுவனமோ இவருக்கு எழுதிக்கொடுத்த தாள் எங்கே? மூலப்பத்திரம் பார்க்காமல் நாகர்கோவிலில் யாராவது ஒரு சென்ட் நிலம் வாங்குவார்களா? கையெழுத்துப் போட்டவர் இவர்தான் என்பதற்குத்தான் நோட்டரி சீல் சாட்சி. விற்கும் உரிமை அவருக்கு உண்டா என்பதை நோட்டரி விசாரிப்பதில்லை.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, உரிமை கைமாறுவது எழுத்தில் இருக்க வேண்டும். உரிமையாளரோ அவர் முறைப்படி அதிகாரம் கொடுத்த ஆளோ கையெழுத்துப் போட வேண்டும். எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நாடு, எவ்வளவு பணம் என்று எழுத வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். உங்கள் தாளில் காலமே இல்லை.

அடுத்து உங்களிடம் ஒரு 'டைரி நம்பர்' காட்டுவார்கள். டெல்லிப் பதிப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்ட யாருக்கும் அந்த எண் கிடைக்கும். அது வெறும் ரசீது. சினிமா எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிவு செய்திருக்கிறோம் என்பதும் அப்படித்தான். அந்தத் தேதியில் அந்தத் தாள் உங்களிடம் இருந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இந்த இரண்டையும் காட்டி ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஒரு நாவலின் பட உரிமை யார் கையில் இருக்கிறது என்று பார்க்க, பத்திரப்பதிவு அலுவலகத்து வில்லங்கச் சான்றுபோல நம் நாட்டில் எதுவும் கிடையாது. பதிவு கட்டாயமும் இல்லை. 2012-இல் சட்டத்தைத் திருத்தியபோதாவது இதைச் சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. ஏஜென்டுகள் பிழைப்பது அந்த ஓட்டையில்தான்.

உங்கள் நாவலுக்கு வருவோம். ஈவ்லின் வா காலமானது 1966-இல். இந்தியாவில் எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு கணக்கு. நம் தேரூர்க் கவிமணி 1954-இல் காலமானார், அவர் எழுத்து இப்போது பொது. 2005-இல் காலமான சுந்தர ராமசாமியின் கதையை 2065 முடியும்வரை அனுமதி இல்லாமல் படமாக்க முடியாது. அதே கணக்கில் 'வைல் பாடீஸ்' 2027 ஜனவரி 1 முதல் இந்தியாவில் யாரும் எடுக்கலாம். பைசா தர வேண்டாம். எல்லாருக்கும் இலவசமாகப் போவதைத்தான் அந்த ஏஜென்ட் உங்களுக்கு மூன்று லட்சத்துக்கு விற்கப் பார்க்கிறார். 2027 பிறக்கும் முன்னால் கேமராவை எடுக்காதீர்கள். வெளியீடு 2027-இல்தானே, ஷூட்டிங்கை இப்போதே முடித்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். படம் எடுப்பதே உரிமையாளருடைய உரிமை.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் சொன்ன தேதி இந்தியாவுக்கு மட்டும். பிரிட்டனில் 70 ஆண்டு, அங்கே 2036 முடியும்வரை உரிமை இருக்கிறது. அமெரிக்காவில் கணக்கே வேறு. 1930-இல் வெளியான நூல் என்பதால் 95 ஆண்டு முடிந்து 2026-லேயே பொதுவாகிவிட்டது. ஆக ஒரே படம் நாகர்கோவிலில் சரி, நியூயார்க்கில் சரி, லண்டனில் தப்பு. நம் மாவட்டத்திலிருந்து பிரிட்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போனவர்கள் உண்டு. அவர்கள்தான் முதலில் லிங்க் கேட்பார்கள். சொந்தக்காரர்தானே என்று திறந்துவிட்டால், புகார் வந்து படமே தளத்திலிருந்து போகலாம். உங்கள் சேனலில் பிரிட்டனை மட்டும் மறைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வசதி உள்ள விநியோகஸ்தர் வழியாக வெளியிடுங்கள். 70 ஆண்டு விதி உள்ள மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

அப்புறம், முடிவு பிடித்திருக்கிறது, போர் முடிந்து காதலர்கள் சேர்வதாக வைத்துக்கொள்வோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நாவலின் முடிவு இல்லை. நாவல் கற்பனையான ஒரு போர்க்களத்தில், காதலி வேறொருவன் மனைவியாக இருக்கும்போதே முடிகிறது. நீங்கள் சொல்வது 2003-இல் ஸ்டீபன் ஃப்ரை எடுத்த படத்தின் முடிவு. அந்தப் படத்துக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு, இந்தியாவில் 2063 முடியும்வரை. ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் நாவலின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தீர்கள் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். பக்கம் கிடைக்காத காட்சி உங்கள் சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும்.

காத்திருக்க முடியாது என்றால் கருவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காசில்லாத இளைஞன், கல்யாணத்துக்குப் பணம் கிடைப்பதும் கைநழுவுவதும், சுற்றிலும் பொறுப்பில்லாத பணக்காரப் பிள்ளைகள். கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் பெயர் தெரியாத மேஜரிடம் நாயகன் ஆயிரம் பவுண்டைக் குதிரைப் பந்தயத்துக்குக் கொடுத்துவிட்டு அவரைத் தேடி அலைவது, விடுதி பில்லுக்காகக் காதலியை விட்டுக்கொடுப்பது போன்ற சம்பவங்களை வரிசையாக எடுத்தால் அது கரு ஆகாது, நகல்.

அனுப்பிய இருபதாயிரத்துக்கு ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் பத்திரப்படுத்துங்கள். வாரிசுகள் கொடுத்த அதிகாரக் கடிதத்தை 15 நாளுக்குள் காட்டு, இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று வக்கீல் நோட்டீஸை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்டக் குற்றப்பிரிவில் எழுத்தில் புகார் கொடுத்து, மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 'சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்கம்மா' என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். இல்லாத உரிமையை இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கியது மோசடி என்று புகாரின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.