உள்ளிருந்தவர் சொன்னால் ஆதரவாளர் மனம் மாறுவாரா?

வணக்கம். தலைவரின் முன்னாள் உதவியாளர் வெளியிட்ட செய்திகளைக் காட்டியும், உங்கள் பெரியப்பா 'துரோகி' என்ற ஒரே சொல்லில் அவரை ஒதுக்கிவிட்டதாக வருந்தியிருந்தீர்கள். எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த அத்துமீறலை மூடிமறைத்ததாக அமெரிக்க அதிபர் நிக்சன் மீது எழுந்த வாட்டர்கேட் விவகாரத்திலும் முதலில் இதுவே நடந்தது. வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகராக இருந்த ஜான் டீன், 1973 ஜூனில் செனட் குழுவின் முன் 245 பக்க வாக்குமூலத்தை வாசித்தபோது, தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளவே அவர் பேசுகிறார் என்று நிக்சனின் ஆதரவாளர்கள் பலர் கருதினர். அவரும் குற்றத்தில் பங்குகொண்டவர் என்பதால் அந்தச் சந்தேகத்தை முற்றிலும் தவறென்று சொல்ல மாட்டேன். நிலைமையைப் புரட்டியது நிக்சனின் சொந்தப் பேச்சுதான். விசாரணையைத் தடுக்க அவரே ஒப்புதல் தந்த உரையாடலின் எழுத்துப்படி 1974 ஆகஸ்ட் 5 அன்று வெளியானதும், பதவிநீக்கத்தை ஆராய்ந்த நாடாளுமன்றக் கீழவையின் நீதிக் குழுவில் அவருக்காக விடாப்பிடியாக வாதாடிவந்த சார்லஸ் விக்கின்ஸே பதவிநீக்கத்தை ஆதரிப்பதாக அறிவித்தார். நான்கே நாளில் நிக்சன் விலகினார். அப்போதும் அவருடைய கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவரை ஆதரித்தே வந்தனர் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆகவே உதவியாளர் நல்லவரா கெட்டவரா என்று பெரியப்பாவிடம் வாதாட வேண்டாம். தலைவரின் கையொப்பமோ பேச்சோ உள்ள ஆவணம் கிடைத்தால், வீட்டில் பிறர் இல்லாத நேரத்தில் அதை மட்டும் அவரிடம் கொடுத்து, உடனே கருத்துக் கேட்காமல் விட்டுவிடுங்கள்.