கேள்வி பதில்: யாரும் தொடாமலே தப்பாகிப் போற பக்கங்கள்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஓப்பன் சோர்ஸ் ப்ரோக்ராமிங் மொழிகளோட டாக்ஸ் (டாக்குமென்டேஷன், அதாவது எப்படி பயன்படுத்தறதுன்னு விளக்கற பக்கங்கள்) பத்திதான். அதனால மத்ததை அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: அக்கா, நான் காலேஜ் ரெண்டாம் வருஷம், ஆறு மாசமா பைத்தான் படிக்கிறேன். ஓப்பன் சோர்ஸ்ல ஏதாவது செய்யணும்னு ஆசை, ஆனா கோட் அனுப்ப தைரியம் வரல. டாக்ஸ் எழுதலாமான்னு கேட்டா, அது கோட் தெரியாதவங்க வேலைன்னு சீனியர் சொல்றார். நிஜமா?

இல்லம்மா, அவர் சொல்றது தப்பு. ஒரு சின்ன விஷயம் சொல்றேன், இப்பவே ஓட்டிப் பாரு. ஒரு ஸ்ட்ரிங்ல ரெண்டு வார்த்தை, நடுவுல ரெண்டு ஸ்பேஸ். ஸ்ட்ரிங்கை துண்டு துண்டா பிரிக்கற ஸ்ப்ளிட்டை ப்ராக்கெட்டுக்குள்ள எதுவும் குடுக்காம கூப்பிட்டா ரெண்டு வார்த்தை வரும். அதே ஸ்ப்ளிட்டுக்கு ஒரு ஸ்பேஸை குடுத்து கூப்பிட்டா மூணு வரும், நடுவுல ஒரு காலி ஸ்ட்ரிங் உக்காந்திருக்கும். இப்ப காலி ஸ்ட்ரிங்கையே ஸ்ப்ளிட் பண்ணு, முதல் வகையில காலி லிஸ்ட் வரும், ரெண்டாவது வகையில காலி ஸ்ட்ரிங் ஒண்ணு உள்ள இருக்கற லிஸ்ட் வரும். இதை நாலு வரியில ஒருத்தருக்கு குழப்பமில்லாம எழுதணும்னா, எழுதறவங்க கோட் எழுதறவங்களை விட கூடுதலாவே ஓட்டிப் பாத்திருக்கணும்.

இன்னொண்ணு, ஆறு மாசம்தான் ஆச்சுன்னு நீ தயங்கறியே, அதுதான் உன்கிட்ட இருக்கற பெரிய சொத்து. பத்து வருஷமா அந்த மொழியில இருக்கறவங்களுக்கு எங்க தடுக்கி விழுந்தோம்னே ஞாபகம் இருக்காது. ஒரு நோட்டு வெச்சுக்கோ, எங்க முட்டி நின்ன, என்ன வார்த்தை போட்டு தேடின, கடைசியில விடை எந்த வார்த்தைக்கு கீழ இருந்துதுன்னு எழுதிக்கிட்டே வா. பல தடவை விடை பக்கத்துலயேதான் இருக்கும், ஆனா புதுசா வர்றவங்க தேடற வார்த்தை அங்க இருக்காது. அந்த வார்த்தையை கொண்டு போய் சேக்கறதே ஒரு நல்ல புல் ரிக்வஸ்ட் (இந்த மாற்றத்தை சேத்துக்கோங்கன்னு ப்ராஜெக்ட்டுக்கு அனுப்பற கோரிக்கை).

கேள்வி: நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன மொழி எழுதி வெளியிட்டிருக்கோம். ரிலீஸ் அன்னிக்கு டாக்ஸ் எல்லாம் சரியா இருக்கு, ஆறு மாசத்துல பாதி எக்ஸாம்பிள் ஓட மாட்டேங்குது. மாசம் ஒரு தடவை எல்லா பக்கத்தையும் ஒருத்தர் படிச்சு சரி பார்க்கணும்னு வெச்சா போதுமா மேடம்?

போதாதுங்க, ரெண்டு மாசம் செய்வீங்க, மூணாவது மாசம் வேற வேலை வந்துரும். டாக்ஸோட கஷ்டமே என்னன்னா, அதை யாரும் தொடாமலே அது தப்பாகிடும். 2008 டிசம்பர்ல பைத்தான் 3 வந்தப்ப ப்ரிண்ட் ஒரு ஃபங்ஷனா மாறுச்சு, ப்ராக்கெட் கட்டாயம் ஆச்சு. அன்னிக்கு வரைக்கும் சரியா இருந்த எத்தனையோ ட்யூட்டோரியல், ஒரு எழுத்து கூட மாறாமலே, முதல் வரியிலயே எரர் குடுக்க ஆரம்பிச்சுது. புதுசா கத்துக்க உக்காந்தவங்க தன் மேலதான் தப்புன்னு நினைச்சாங்க. பின்னாடி பைத்தான் டீம் அந்த எரர் மெசேஜையே மாத்தி, ப்ரிண்ட்டுக்கு ப்ராக்கெட் விட்டுட்டீங்கன்னு நேரா சொல்ற மாதிரி வெச்சாங்க. எரர் மெசேஜும் டாக்ஸ்தாங்க, சொல்லப்போனா அதிகம் பேர் படிக்கற பக்கமே அதுதான். ரஸ்ட் கம்பைலர் எரருக்கு பல இடத்துல ஒரு நம்பர் குடுக்கும், அந்த நம்பரை எக்ஸ்ப்ளெய்ன் ஆப்ஷனோட திருப்பிக் குடுத்தா டெர்மினல்லயே விளக்கம் வரும்.

உங்க கேள்விக்கு வர்றேன். எக்ஸாம்பிளை மெஷினை விட்டு ஓட்டுங்க. பைத்தான்ல டாக்டெஸ்ட்னு ஒரு மாட்யூல் 2001லயே, 2.1 வெர்ஷன்லயே வந்துடுச்சு. டாக்ஸ்ல எழுதியிருக்கற எக்ஸாம்பிளை அப்படியே ஓட்டி, கீழ எழுதியிருக்கற விடையோட ஒப்பிட்டுப் பாக்கும். ரஸ்ட்ல கமெண்ட்ல எழுதற எக்ஸாம்பிள் கார்கோ டெஸ்ட்னு கமாண்ட் அடிச்சா தானா கம்பைல் ஆகி ஓடும், செட்டப்புக்கு மட்டும் வேணுங்கற வரிகளுக்கு முன்னாடி ஒரு ஹேஷ் போட்டா அது படிக்கறவங்க கண்ணுக்கு தெரியாது, ஆனா கம்பைல் ஆகும். இந்த வரி கம்பைல் ஆகவே கூடாதுன்னு சொல்ற எக்ஸாம்பிளை கூட டெஸ்ட் பண்ணலாம், தப்பித்தவறி கம்பைல் ஆயிடுச்சுன்னா டெஸ்ட் விழும். கோ மொழியில எக்ஸாம்பிள் ஒரு ஃபங்ஷனாவே டெஸ்ட் ஃபைல்ல இருக்கும், கடைசியில அவுட்புட்னு கமெண்ட் போட்டு விடை எழுதணும், அதை எழுதாம விட்டா கம்பைல் மட்டும்தான் ஆகும், ஓடாது, இதை மறந்துட்டு எல்லாம் பாஸ்னு நிம்மதியா இருக்கறவங்க உண்டு, கவனம். எலிக்ஸிர்லயும் இதே வசதி இருக்கு.

டாக்டெஸ்ட்ல ஒரு பொறி இருக்கு, நான் மாட்டியிருக்கேன். ஸ்ட்ரிங் வெச்ச ஒரு செட்டை ப்ரிண்ட் பண்ற எக்ஸாம்பிள் எழுதினேன், என் மெஷின்ல பாஸ், சிஐல (கோட் மாறும்போது டெஸ்டை தானா ஓட்டற ஏற்பாடு) ஃபெயில், திரும்ப ஓட்டினா பாஸ். செட்டுக்கு வரிசை கிடையாது, ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் மாறலாம். சார்ட்டட் போட்டு லிஸ்டா காட்டினதும் சரியாச்சு. அந்த ஃபெயில் வரலைன்னா, செட்டுக்கு ஒரு நிலையான வரிசை இருக்குன்னு படிக்கறவங்க நம்பற மாதிரி ஒரு பக்கத்தை நான் வெளியிட்டிருப்பேன்.

ஒரு ரூல் மட்டும் கறாரா வெச்சுக்கோங்க, ஒரு ஃபங்ஷன் நடந்துக்கற விதம் மாறுதுன்னா டாக்ஸ் மாற்றமும் அதே புல் ரிக்வஸ்ட்ல இருக்கணும். "டாக்ஸ் அப்புறம்"னு போனது பெரும்பாலும் வராது. கூடவே எந்த வெர்ஷன்ல வந்துச்சு, எந்த வெர்ஷன்ல மாறுச்சுன்னு ஒரு வரி. பைத்தான் டாக்ஸ்ல இதுக்கு தனி குறியே இருக்கு, பழைய வெர்ஷன்ல மாட்டிக்கிட்டு வேலை பாக்கறவங்களுக்கு அந்த ஒரு வரி ஒரு நாள் வேலையை மிச்சம் பண்ணும்.

கேள்வி: டாக்ஸ் தளம் கட்ட எந்த டூல் நல்லது?

உங்க மொழியோட ஆளுங்க ஏற்கனவே எதுல எழுதறாங்களோ அது. பைத்தான் டாக்ஸ் ரொம்ப நாள் லேடெக்ஸ்ங்கற அச்சுக்கோப்பு முறையில இருந்துச்சு, அதை மாத்தறதுக்காக கேயோர்க் பிராண்டல் எழுதின ஸ்பிங்க்ஸ்ங்கற டூல் 2008ல வந்துச்சு. எழுதறது சுலபமாச்சுன்னா திருத்தம் அனுப்ப வர்றவங்களுக்கும் ஒரு தடை குறையும். உடைஞ்ச லிங்க்கை கண்டுபிடிக்கற வசதியும் ஸ்பிங்க்ஸ்ல இருக்கு, அதை மறக்காம போட்டு வைங்க.

கேள்வி: ட்யூட்டோரியல், ரெஃபரன்ஸ் ரெண்டுல எதை முதல்ல எழுதறது? ரெண்டையும் ஒரே பக்கத்துல வெச்சா என்ன?

ஒரே பக்கத்துல வெச்சீங்கன்னா ரெண்டு பேருக்குமே உதவாது. ட்யூட்டோரியல் படிக்கறவங்க கை பிடிச்சு கூட்டிட்டுப் போகணும்னு வர்றாங்க, ரெஃபரன்ஸ் பாக்கறவங்க வேலைக்கு நடுவுல ஒரே ஒரு விஷயத்துக்காக வந்து பாத்துட்டு ஓடறாங்க. டேனியேலே ப்ரோசிடா இதையே நாலா பிரிச்சு, ட்யூட்டோரியல், ஒரு வேலையை முடிக்கற வழி, ரெஃபரன்ஸ், விளக்கம்னு டயாடாக்சிஸ்னு ஒரு முறை வெச்சிருக்கார். நாலும் முதல் நாளே வேணும்னு இல்லை.

சின்ன மொழிக்கு நான் ரெஃபரன்ஸைத்தான் முதல்ல சொல்வேன், அதுலயும் என்ன திருப்பித் தரும், எப்ப எரர் வரும்ங்கற ரெண்டை மட்டும் விடாம எழுதுங்க. பைத்தான்ல லிஸ்டோட சார்ட் அந்த லிஸ்டையே மாத்தும், திருப்பித் தர்றது நன் (None), அதாவது ஒண்ணுமில்லைங்கறதுதான். அதை ஒரு வேரியபிள்ல போட்டுட்டு, எங்க போச்சு என் டேட்டான்னு மணிக்கணக்கா தேடினவங்க நிறைய. டாக்ஸ்ல "லிஸ்டை வரிசைப்படுத்தும்"னு மட்டும் எழுதியிருந்தா அது பொய் இல்லை, ஆனா பத்தாது.

கேள்வி: டாக்ஸை தமிழ்ல மொழிபெயர்க்கறது பிரயோஜனமா அக்கா? எல்லாரும் இங்கிலீஷ்லயே படிக்கறாங்களே.

கண்டிப்பா பிரயோஜனம்தான், எனக்கு இதுல சந்தேகமே இல்லை. ரூபி 1995ல ஜப்பான்ல யுகிஹிரோ மட்சுமோட்டோ வெளியிட்ட மொழி, ஆரம்ப வருஷங்கள்ல அதோட டாக்ஸ் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலதான். மத்த நாட்டுக்காரங்க இங்கிலீஷ்ல வரட்டும்னு காத்திருந்தாங்க. தன் மொழியில படிச்சு ஒரு மொழியை வளர்க்க முடியும்ங்கறதுக்கு வேற சாட்சி வேணுமா?

பைத்தான்ல 2017ல வந்த பெப் 545 (பெப்னா பைத்தான்ல மாற்றம் கொண்டு வர எழுதற முன்மொழிவு) டாக்ஸ் மொழிபெயர்ப்புக்கு வழி வகுத்துது. பக் சொல்ற பக்கம், ட்யூட்டோரியல், பில்ட்-இன் ஃபங்ஷன் பக்கம் இந்த மூணும் முழுசா முடிஞ்சாதான் மொழி மாத்தற மெனுல உங்க மொழி பேர் வரும். டெக்ஸ்ட் பாரா பாராவா பிரிஞ்சு பிஓ ஃபைல்ல (மூலமும் மொழிபெயர்ப்பும் ஜோடியா இருக்கற ஃபைல்) வரும், மூலத்துல யாராவது ஒரு வரியை திருத்தினா அந்த பாராவோட மொழிபெயர்ப்புல ஃபஸ்ஸின்னு, அதாவது திரும்ப சரி பாக்கணும்னு, குறி விழும், நீங்க பாத்து சரி பண்ற வரைக்கும் அந்த இடத்துல இங்கிலீஷே தெரியும். பழைய தப்பை தமிழ்ல காட்டறதை விட அது எவ்வளவோ மேல். ஆனா இதுக்கு அர்த்தம், மொழிபெயர்ப்பு ஒரு தடவை முடிச்சு வைக்கற வேலை இல்லை, விடாம கூடவே ஓடணும், தனி ஆளா இறங்காதீங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்பட்டியல் போடுங்க. ஃபங்ஷனுக்கு ஒருத்தர் சார்புன்னு எழுதி, இன்னொருத்தர் செயற்கூறுன்னு எழுதி, மூணாவது ஆள் ஃபங்ஷன்னே விட்டா, படிக்கறவங்க மூணும் வேற வேறன்னு நினைச்சுக்குவாங்க. எதை எடுத்தாலும் சரி, கடைசி வரைக்கும் அதே இருக்கணும். எரர் மெசேஜை மட்டும் அப்படியே விடுங்க, அதைத்தானே அவங்க ஸ்க்ரீன்ல பாக்கறாங்க.

கேள்வி: டாக்ஸ்ல இருக்கற எக்ஸாம்பிள் கோடை என் ப்ராஜெக்ட்ல காப்பி பண்ணலாமா?

லைசன்ஸை பாத்துட்டு பண்ணுங்க. பைத்தான் டாக்ஸ்ல இருக்கற கோட் 3.8.6 வெர்ஷன்ல இருந்து ஜீரோ-க்ளாஸ் பிஎஸ்டி (Zero-Clause BSD) லைசன்ஸ்லயும் கிடைக்குது, தாராளமா எடுத்துக்கலாம். நீங்க மொழி எழுதறீங்கன்னா இதை முதல் நாளே முடிவு பண்ணி எழுதி வெச்சிருங்க.

கேள்வி: ஒரு பெரிய ப்ராஜெக்ட்டோட டாக்ஸ்ல பத்து பக்கத்தை மூணு வாரம் உக்காந்து முழுசா மாத்தி எழுதி அனுப்பினேன். ரெண்டு வரியில நன்றி சொல்லி மூடிட்டாங்க. மனசு விட்டுப் போச்சு.

புரியுதுங்க, எனக்கும் இது நடந்திருக்கு, அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அப்புறம் நானே ஒரு ரெப்போல (ப்ராஜெக்ட்டோட கோட் இருக்கற இடம்) ரிவ்யூ பண்ற பொறுப்புக்கு வந்தப்பதான் அந்தப் பக்கம் தெரிஞ்சுது. பத்து பக்க மாற்றம் வந்தா ஒவ்வொரு வரியும் இன்னும் உண்மையான்னு நான் சரி பாக்கணும், எது நடை மாற்றம், எது அர்த்த மாற்றம்னு பிரிக்கவே ஒரு வாரம் ஆகும், அந்த வாரம் கிடைக்கவே கிடைக்காது.

நீங்க எழுதினதை தூக்கிப் போடாதீங்க. அதுக்குள்ள நிச்சயம் நாலு நிஜமான தப்பை கண்டுபிடிச்சிருப்பீங்க, ஓடாத எக்ஸாம்பிள், விட்டுப்போன பாராமீட்டர், அந்த மாதிரி. ஒண்ணொண்ணா பிரிச்சு, ஒரு புல் ரிக்வஸ்ட்டுக்கு ஒரு விஷயம்னு, எதை ஓட்டிப் பாத்தீங்க, என்ன வந்துச்சுன்னு ரெண்டு வரி சேர்த்து அனுப்புங்க. நடையை மாத்தணும்னா மாத்தறதுக்கு முன்னாடி ஒரு இஷ்யூ போட்டு, ஒரே ஒரு பாராவை மாத்திக் காட்டி, இப்படி பண்ணலாமான்னு கேளுங்க. முதல்ல அந்த ஓடாத எக்ஸாம்பிளை அனுப்புங்க, அதுல அபிப்பிராய பேதத்துக்கு இடமே இல்லை.